ஏர் ரைஃபிளில் பெல்லட் வேகம் ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கூடவே பெல்லட்டின், அதாவது ஈயக் குண்டின், வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபும் வந்துவிட்டது. யாராவது ஒருவர் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் எல்லோரும் அதில் சுட்டுப் பார்க்கிறார்கள். எண் இரண்டு ஏறினாலும் இறங்கினாலும் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் தூக்கம் போகிறது. துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்க்கும் வேலை என் தலையில் இருப்பதால் கேள்விகளும் என்னிடம் வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

வேகம் சீராக இருக்க வேண்டும் என்கிறார்களே, எதற்கு?

குழலை விட்டுக் கிளம்பிய நொடியிலிருந்தே பெல்லட் கீழே விழத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ அவ்வளவு கீழே இறங்கும். வேகமாகப் போனால் சீக்கிரம் சேரும், குறைவாக இறங்கும். மெதுவாகப் போனால் நேர்மாறு. குறிபார்க்கும் சைட்டை ஒரு வேகத்துக்குத்தான் சரிசெய்து வைத்திருக்கிறோம். வேகம் மாறினால் துளை மேலும் கீழுமாக நகரும்.

போட்டிக்கான ஏர் ரைஃபிள்கள் பெரும்பாலும் விநாடிக்கு 165 முதல் 175 மீட்டர் வேகத்தில் சுடும். 170 என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.06 விநாடி. அந்த நேரத்தில் பெல்லட் இறங்குவது 17, 18 மில்லிமீட்டர். இப்போது வேகம் 170-லிருந்து 171 ஆனால் இறக்கம் எவ்வளவு குறையும்? கணக்குப் போட்டால் 0.2 மில்லிமீட்டர். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் தேவைப்படும்.

என் மகன் துப்பாக்கியில் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் வித்தியாசம் வருகிறது சார். புள்ளி எவ்வளவு போகும்?

ஒரு மீட்டருக்கு 0.2 என்றால் ஐந்துக்கு 1 மில்லிமீட்டர். பத்து மீட்டர் இலக்கில் பத்தாம் வளையம் வெறும் 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளி, ஒன்பதாம் வளையம் 5.5 மில்லிமீட்டர். அதாவது மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டர் விலகினால் ஒரு புள்ளி குறையும், 0.1 புள்ளிக்கு 0.25 மில்லிமீட்டர். ஆகவே மிக வேகமாகப் போன பெல்லட்டுக்கும் மிக மெதுவாகப் போனதற்கும் இடையே 0.4 புள்ளி. ஆனால் அது இரண்டு கோடிகளுக்கு இடையிலான தூரம். பெரும்பாலான பெல்லட்கள் நடுவில்தான் இருக்கும், அவற்றால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் முடியாது. ஒரு சுடுக்கு அதிகபட்சம் 10.9 என்பதால் 60 சுடுகளுக்கு முழுப் புள்ளி 654. மேல்மட்டத்தில் பத்தில் ஒரு புள்ளிக்குக்கூட இடம் மாறும். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 0.8 புள்ளி. மில்லிமீட்டரில் சொன்னால் மொத்தமும் சேர்த்து இரண்டு.

ஆனால் உங்கள் மகன் இப்போது சராசரியாக 9.6 சுடுகிறான் என்றால் அவன் துளைகள் மையத்திலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி விழுகின்றன. அதில் துப்பாக்கியின் பங்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி எல்லாம் நிலை, மூச்சு, விசையை இழுக்கும் விரல். ஐந்து மீட்டர் வித்தியாசத்தைச் சரிசெய்ய வேண்டும்தான். அது துப்பாக்கிக்குள் ஏதோ கோளாறு என்பதற்கு அடையாளம், அதற்காக. அவன் புள்ளி ஏறுவதற்கு அது வழியில்லை.

குரோனோகிராஃப் திரையில் இ.எஸ்., எஸ்.டி. என்று இரண்டு எண் வருகிறது. எதைப் பார்ப்பது?

பத்தாம் வகுப்புக் கணக்கில் வீச்சு, திட்ட விலக்கம் என்று படித்தோமே, அவையேதான். இ.எஸ். என்பது வீச்சு: மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழிப்பது. எஸ்.டி. என்பது திட்ட விலக்கம்.

ஐந்து சுடுகள் இப்படி வருகின்றன என்று வைப்போம்: 171.2, 170.4, 172.0, 170.8, 171.6. சராசரி 171.2. வீச்சு 1.6. சராசரியிலிருந்து விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1.6, அதை நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.63. ஏன் ஐந்தால் வகுக்காமல் நான்கால் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பள்ளிப் புத்தக முறைப்படி ஐந்தால் வகுத்தால் 0.57 வரும். கையில் இருப்பது துப்பாக்கி இனிச் சுடப்போகும் எல்லாச் சுடுகளும் இல்லை, ஒரு கைப்பிடிச் சாம்பிள்தான் என்பதால் ஒன்று குறைத்து வகுக்கிறார்கள். திரையில் வரும் எண்ணும் உங்கள் நோட்டுக் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொரு துப்பாக்கி 170.4, 172.0, 170.4, 172.0, 171.2 என்று சுடுகிறது. சராசரியும் வீச்சும் அதேதான். ஆனால் திட்ட விலக்கம் 0.8. வீச்சு இரண்டே இரண்டு சுடுகளைத்தான் பார்க்கும், நடுவில் இருப்பவை எப்படிப் பரவியிருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடத் திட்ட விலக்கம். எங்கோ ஒரு சுடு தப்பித்து ஓடுகிறதா என்று பார்க்க வீச்சு.

எத்தனை முறை சுட்டால் அந்த எண்ணை நம்பலாம்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

ஐந்து சுட்டு எஸ்.டி. 0.63 வந்தது என்றேன். உண்மையான எஸ்.டி. என்ன? புள்ளியியல் கணக்குப்படி, ஐந்து சுடுகளில் கிடைத்த எண்ணை 0.6-ஆலும் ஏறத்தாழ 2.9-ஆலும் பெருக்கினால் வரும் இரண்டு எண்களுக்கு நடுவில் அது இருக்கும் என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்லலாம். அதாவது 0.38-ஆகவும் இருக்கலாம், 1.8-ஆகவும் இருக்கலாம். இந்த இரண்டும் ஒரே துப்பாக்கியாகவா தோன்றுகிறது? முன்னது கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய துப்பாக்கி, பின்னது ரெகுலேட்டரை (காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) கழற்ற வேண்டிய துப்பாக்கி.

பத்து சுட்டால் அந்த எல்லை 0.69 முதல் 1.83 மடங்கு. இருபதுக்கு 0.76 முதல் 1.46. முப்பதுக்கு 0.8 முதல் 1.34. முப்பதுக்கு மேல் போனால் பெல்லட் செலவுதான், பெரிதாக ஒன்றும் தெளிவாகாது.

வீச்சுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதிகம் சுட்டால் அது தானாகவே பெரிதாகும். துப்பாக்கியில் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஐந்து சுடுகளின் வீச்சு எஸ்.டி.யைப் போல சராசரியாக 2.3 மடங்கு இருக்கும், பத்துக்கு 3.1, முப்பதுக்கு 4.1. ஆகவே ஒருவர் ஐந்து சுட்டு "எனக்கு வீச்சு 2", இன்னொருவர் முப்பது சுட்டு "எனக்கு 3.5" என்றால், இரண்டு துப்பாக்கியும் ஏறத்தாழ ஒன்றுதான். டீக்கடையில் இந்தச் சண்டையைத் தீர்த்துவைத்துப் பாருங்கள், யாரும் நம்ப மாட்டார்கள்.

"இந்த டின் பெல்லட்டில் எஸ்.டி. 0.7, அந்த டின்னில் 0.9, அதனால் இதுவே மேல்" என்று ஐந்தைந்து சுட்டு முடிவு கட்டுவது பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

எந்தக் குரோனோகிராஃப் வாங்குவது?

மேலே நிழல்திரை வைத்த, இரண்டு கண் உள்ள ஒளி வகை மலிவு. இரண்டு கண்களுக்கு நடுவே பெல்லட் கடக்கும் நேரத்தை அளந்து வேகம் சொல்லும். டாப்ளர் ரேடார் வகை விலை கூடுதல், ஆனால் பெல்லட்டை அதற்கு மேலாகக் குறிவைத்துச் செலுத்த வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்தால் போதும். கார்மின் ஸீரோ மாதிரியானவை இந்த வகை. பணம் உள்ள நான்கு பேர் சேர்ந்து ஒரு ரேடார் வாங்கிக்கொள்வது நல்லது என்பேன்.

ஒளி வகை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மின்னும். சில மலிவு எல்.இ.டி. பல்புகளும் அப்படித்தான். கண்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் பெல்லட் அதைக் கடப்பது இரண்டு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில். வெளிச்சம் மின்னும்போது கருவி அதை நிழல் என்று எண்ணிக்கொள்ளும். திடீரென்று 240, 90 என்று பைத்தியக்கார எண்கள் வந்தால் துப்பாக்கியைத் திட்டாமல் விளக்கை அணைத்துவிட்டு, சில கருவிகளோடு வரும் அகச்சிவப்பு விளக்கை வைத்துப் பாருங்கள். வெளியில் வைத்தால் வெயில் நேராகக் கண்ணில் விழாத இடம் வேண்டும். குழல் முனையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், பின்னால் வரும் காற்றடியும் சில கருவிகளைக் குழப்பும்.

இன்னொருவர் கருவியில் 168 வந்தது, உங்களுடையதில் 171 என்றால் கவலை வேண்டாம். கருவிக்குக் கருவி அவ்வளவு மாறும். சீர்தானா என்று பார்க்க ஒரே கருவி, ஒரே இடம் போதும்.

எண்களைப் பார்த்துக் கோளாறு எது என்று சொல்ல முடியுமா?

முடியும். குரோனோவின் உண்மையான பயன் இதுதான். அது காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், மருந்து இல்லை. சராசரியையும் எஸ்.டி.யையும் மட்டும் எழுதாமல் சுட்ட வரிசையிலேயே ஒவ்வோர் எண்ணையும் எழுதினால்தான் பலன்.

கால் மணி நேரம் துப்பாக்கியைச் சும்மா வைத்துவிட்டு எடுத்துச் சுடுகிறீர்கள். 174.3, 171.1, 170.8, 171.2, 170.9 என்று வருகிறது. முதல் சுடு மட்டும் தனியாக மேலே நிற்கிறது. மறுபடி கால் மணி நேரம் வைத்தால் மறுபடி அதே கதை. ரெகுலேட்டர் கசிகிறது என்று அர்த்தம். சிலிண்டரில் 200 பார் (பார் என்பது காற்றழுத்த அளவு) அழுத்தத்தில் இருக்கும் காற்றை அதைவிட மிகக் குறைந்த, மாறாத அழுத்தத்துக்கு இறக்கித் தருவதுதான் அதன் வேலை. உள்ளே வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்தோ ஒரு தூசி உட்கார்ந்தோ இருந்தால், மூடிய பிறகும் காற்று மெல்ல மெல்ல உள்ளே ஊறி அழுத்தம் ஏறும். போட்டியில் இது பொல்லாதது. நிதானமாக நேரம் எடுத்துச் சுடும் பிள்ளைக்கு மேலே போகும், வேகமாகச் சுட்டால் சரியாக இருக்கும். பயிற்சியாளர் பிள்ளையைத்தான் திட்டுவார்.

முதல் சுடு மேலே நிற்காமல் கீழே விழுந்தால், 166-இல் தொடங்கி மூன்றாவது சுடில் 171-க்கு வந்து நின்றால், ஏதோ ஒரு ஓ-ரிங்கோ (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வால்வோ ஒட்டிக்கொள்கிறது. பல மாதம் பெட்டியில் தூங்கிய துப்பாக்கிகளில் இதை அதிகம் பார்க்கலாம். பெல்லட் இல்லாமல் சில வெற்றுச் சுடு சுட்டால் பல நேரம் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் கழற்ற வேண்டும்.

கடகடவென்று அடுத்தடுத்துச் சுடும்போது மட்டும் வேகம் குறைந்து, நிறுத்தி நிதானமாகச் சுட்டால் சரியாகிறது என்றால் ரெகுலேட்டர் அடுத்த சுடுக்குக் காற்றை நிரப்பி முடிக்க நேரம் போதவில்லை.

கடைசியாக, நாற்பது சுடு வரை ஒழுங்காக இருந்து அப்புறம் ஒவ்வொன்றாகச் சறுக்கினால் அது கோளாறே இல்லை. சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழே போய்விட்டது. கேஜைப் பார்த்து நிரப்புங்கள்.

ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் கதை வேறு. நிறைய காற்று இருக்கும்போது அழுத்தமே வால்வை இறுக்கிப் பிடிப்பதால் வேகம் குறைவாக இருக்கும், பிறகு ஏறும், உச்சிக்குப் போய், மறுபடி இறங்கும். அந்த உச்சியைச் சுற்றிய பகுதி எத்தனை பாரில் தொடங்கி எத்தனையில் முடிகிறது என்று ஒருமுறை கண்டுபிடித்து, அதற்குள்ளேயே சுட வேண்டும். முழுதாக 200 நிரப்புவது இங்கே கெடுதல்.

ரெகுலேட்டரை வீட்டில் திறக்கலாமா என்பவர்களுக்கு: சிலிண்டரைக் கழற்றி, உள்ளே தங்கிய காற்றையும் வெற்றுச் சுடு சுட்டு வெளியேற்றிய பிறகுதான் ஒரு திருகைத் தொட வேண்டும். அந்த ஓ-ரிங் அளவு தெரியாமல் ஆட்டோமொபைல் கடையில் வாங்கி மாட்டுபவர்களை நான் தடுக்க முடிவதில்லை, கெஞ்சத்தான் முடிகிறது.

தர்மபுரி வெயிலுக்கும் ஓசூர் குளிருக்கும் வேகம் மாறுமா?

ரெகுலேட்டர் நன்றாக இருந்தால் பொருட்படுத்தும்படி மாறாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர், தர்மபுரி அதில் பாதி உயரம். மேலே காற்றடர்த்தி கொஞ்சம் குறைவு. பத்து மீட்டரில் அதன் விளைவைத் தாளில் பார்க்க முடியாது.

வெயிலில் பார்க்க வேண்டியது சிலிண்டரை. ஓசூரில் விடிகாலை 20 டிகிரியில் 200 பார் நிரப்பிக்கொண்டு கீழே இறங்கி வருகிறீர்கள். 40 டிகிரியில் அதே காற்று 214 பார் ஆகிவிடும். மே மாதம் கண்ணாடி ஏற்றிய காருக்குள், 60 டிகிரியில், 225-ஐத் தாண்டும். சிலிண்டரில் எழுதியிருக்கும் உச்ச அளவு 200 என்றால் அந்த அளவுக்கு நிரப்பி வெயிலில் விடக்கூடாது. மதியப் பயணம் என்றால் 170, 180-இல் நிறுத்துங்கள். போட்டிக்கு 60 சுட அதுவே தாராளம்.

காற்று எங்கே நிரப்புவது? பஞ்சர் கடையில் முடியுமா?

முடியாது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் 10 பாரைச் சுற்றித்தான் தரும். நமக்கு வேண்டியது 200. கைப்பம்பு, அதற்கென்றே உள்ள உயரழுத்தக் கம்ப்ரஸர், அல்லது தீயணைப்புச் சுவாசக் கருவிச் சிலிண்டர்களை நிரப்பித் தருபவர்கள், இவ்வளவுதான் வழி.

ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே நிற்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரில் 150 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். "அதிலிருந்து பிடித்தால் என்ன அண்ணா" என்று கேட்கிறார்கள். ஆக்ஸிஜனும் ஒரு சொட்டு எண்ணெயோ கிரீஸோ உயரழுத்தத்தில் சேர்ந்தால் தானாகவே தீப்பிடித்து வெடிக்கும். துப்பாக்கியின் வால்வில் கிரீஸ் இல்லாமல் இருக்காது. முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடும் பொருள் அது. எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

கைப்பம்பில் பிரச்சினை ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் உள்ள நீரெல்லாம் பம்புக்குள் பிழிந்து வரும். இருபது முப்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தி, பம்பை ஆறவிட்டு, கீழே உள்ள வால்வைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். சிலிக்கா வடிகட்டி நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். உள்ளே போன நீர் சிலிண்டரையும் அரிக்கும், ரெகுலேட்டர் இருக்கையையும் கெடுக்கும்.

பெல்லட்டை எடை போட்டுப் பிரித்தால் வேகம் சீராகுமா?

நகைக்கடைத் தராசைக் கடன் வாங்கி எடை போட்டவர்களை எனக்குத் தெரியும். கணக்கைப் பார்ப்போம். ரைஃபிள் பெல்லட் ஏறத்தாழ 0.53 கிராம், அதாவது 530 மில்லிகிராம். ஒரு பெல்லட் 5 மில்லிகிராம் கூடுதல் என்றால் ஒரு விழுக்காடு. காற்று தரும் ஆற்றல் அதேதான் என்று வைத்தால் வேகம் அரை விழுக்காடு குறையும், 0.85 மீட்டர். இலக்கில் 0.17 மில்லிமீட்டர். நல்ல மேட்ச் பெல்லட் டின்னில் 5 மில்லிகிராம் வித்தியாசமே அபூர்வம். ஒரு மாலை முழுக்க எடை போட்டு மிச்சப்படுத்துவது பத்தில் ஒரு புள்ளிக்கும் குறைவு.

அந்த நேரத்தில் பாவாடையைப் பாருங்கள். பெல்லட்டின் பின்பக்க விரிந்த விளிம்பைத்தான் சொல்கிறேன். ஈயம் மெத்தென்றது, டின் ஒருமுறை கீழே விழுந்தால் பத்து பெல்லட்டாவது நசுங்கும். விளக்குக்கு நேரே பின்பக்கம் தெரியும்படி பிடித்து விரலில் சுழற்றினால், வட்டம் ஓர் இடத்தில் தட்டையாகியிருப்பது நிழலில் தெரிந்துவிடும். அங்கே காற்று கசியும், வேகமும் போகும், பெல்லட் கோணலாகவும் கிளம்பும். அப்படிப்பட்டதைப் பயிற்சிக்கும் வைக்காதீர்கள். பஞ்சுத் தட்டில் தனித்தனியாக அடுக்கி வரும் பெல்லட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இதற்காகத்தான்.

பெல்லட்டின் தலை அளவு 4.48, 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று டின்னில் எழுதியிருக்கும். எது பொருந்தும் என்பதை உங்கள் குழல் முடிவு செய்யும். துப்பாக்கியை வைஸில் கட்டி, தாளில் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குரோனோ எண் இதைச் சொல்லாது. வேகம் மிகச் சீராக இருந்தும் தாளில் துளைக் கூட்டம் விரிந்து கிடக்கும் பெல்லட் உண்டு.

ஸ்பிரிங் துப்பாக்கி வாங்கினேன். படார் என்று வெடிக்கிறது, புகையும் வருகிறது. எண் எகிறுகிறது.

உள்ளே எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில், டீசல் இன்ஜினில் நடப்பதுதான் நடக்கிறது. புதிதில் தொழிற்சாலை எண்ணெய் தீரும் வரை இருக்கும், சில நூறு பெல்லட்டில் அடங்கும். குழலுக்குள் தையல் மிஷின் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். அதுவரை குரோனோவை எடுக்கவே வேண்டாம்.

கடைக்காரர் 800 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு 800 அடி) என்கிறார். வேகம் கூடினால் நல்லதுதானே?

பத்து மீட்டருக்கு இல்லை. மேட்ச் துப்பாக்கி 170 மீட்டர், அதாவது ஏறத்தாழ 560 அடி வேகத்தில் வேண்டுமென்றேதான் வைக்கப்பட்டிருக்கிறது. உதைப்பு குறைவு, காற்றும் நிறைய சுடுக்கு வரும். பெட்டியில் எழுதும் எஃப்.பி.எஸ். பெரும்பாலும் மிக இலேசான பெல்லட்டில் எடுத்தது. மேலும், 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் விட்டமோ இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றி வேகம் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் தோட்டாவைத் தாங்களே நிரப்பி எஸ்.டி. குறைக்கிறார்களே, நாமும் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். 1959 ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டா தயாரிப்புக்கும் உரிமம் கேட்கிறது. தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் கருவியும்கூட அந்த வரையறைக்குள் வரும். "வீட்டில் வைத்துச் சும்மா பழகினேன்" என்பது எடுபடாது.

அவர்கள் ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. அங்கே சிலர் ஆயிரம் கெஜத்துக்குச் சுடுகிறார்கள். தோட்டா ஒரு விநாடிக்கு மேல் காற்றில் இருக்கும், மீட்டர் கணக்கில் கீழே இறங்கும். அந்தத் தூரத்தில் சின்ன வேக வித்தியாசமும் சாண் கணக்கில் மேலும் கீழுமாகத் தெரியும். அதனால் வெடிமருந்தின் எடை, பித்தளைக் கூட்டின் உள்ளளவு, கூட்டின் கழுத்து குண்டைப் பிடிக்கும் இறுக்கம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்று ஒவ்வொன்றையும் சீராக்கப் பார்க்கிறார்கள். அங்கேயும் ஐந்து சுட்டு எஸ்.டி. பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு.

ஐம்பது மீட்டர் .22 தோட்டாத் துப்பாக்கிக்குப் போகும்போது?

அங்கே வேகம் நிஜமாகவே முக்கியம். போட்டித் தோட்டா விநாடிக்கு 325, 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஐம்பது மீட்டர் போவதற்குள் 12 சென்டிமீட்டர் போல இறங்கும்; ஒரு மீட்டர் வேக வித்தியாசத்துக்குத் துளை 0.75 மில்லிமீட்டர் நகரும். அந்த இலக்கில் 0.1 புள்ளி என்பது 0.8 மில்லிமீட்டர். ஆக ஒரு மீட்டருக்குப் பத்தில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். வீச்சு 10 மீட்டர் வந்தால் கிட்டத்தட்ட ஒரு முழு வளையம்.

.22 தோட்டாவில் தீப்பொறி மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் மறுபடி நிரப்பும் பேச்சே இல்லை. பெட்டியில் அச்சிட்ட லாட் எண், அதாவது எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்தான் எல்லாம். ஒரே பெயர், ஒரே விலை, வேறு லாட் என்றால் வேறு தோட்டா மாதிரி நடந்துகொள்ளும். சில லாட்களைச் சுட்டுப் பார்த்து, உங்கள் குழலுக்கு ஒத்துவருவதை அந்த ஆண்டுக்குத் தேவையான அளவு மொத்தமாக வாங்குங்கள்.

அஞ்செட்டி பக்கம் எங்கள் வீட்டில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. அதன் வேகத்தையும் பார்க்கலாமா?

வேண்டாம். உரிமம் இல்லாததைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். காவல்துறையே அவ்வப்போது அப்படி அறிவிப்புக் கொடுக்கிறது. கைக்கு வந்த அளவு மருந்தும் பால்ரஸ் குண்டும் இடிக்கும் அந்தக் குழல் எந்தச் சுடில் பிளக்கும் என்று சொல்ல முடியாது.

மாந்தோப்பில் மயில் தொல்லை. ஏர் ரைஃபிள்தானே, விரட்டலாமா?

கூடாது. 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது மயில். வனத்துறையிடம் சொல்லுங்கள்.

தினமும் குரோனோ வைத்துச் சுட வேண்டுமா?

மாதம் ஒருமுறை போதும். அப்புறம் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ரெகுலேட்டரைத் தொட்ட பிறகு, புது லாட் பெல்லட் வாங்கியபோது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, சிலிண்டர் எத்தனை பார், பெல்லட் பெயர், தலை அளவு, லாட் எண், பிறகு முப்பது எண்களும் சுட்ட வரிசையில். எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்துச் சுட்டீர்கள் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். கழற்றிப் பார்ப்பவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியை எழுதிவையுங்கள். ஏர் ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பத்தாண்டு ஆயுள் என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். போட்டியில் சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு. செகண்ட்ஹேண்ட் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் குழலைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள்.